மலை நிழலில் ஆண்டெனா: சேலம், நாமக்கல் சமவெளியில் ஒரு சந்தை சுருங்கிய விதம்

கொடைக்கானலிலிருந்து நாமக்கல் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 130 கிலோமீட்டர், சேலம் 175. கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 280 மீட்டருக்குச் சற்றுக் கீழே. பண்பலையும் பழைய தொலைக்காட்சி அலைகளும் பூமியின் வளைவைத் தாண்டி அதிக தூரம் போவதில்லை. டிரான்ஸ்மிட்டரின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12-ஆல் பெருக்கினால் அந்த அலையின் அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். சமவெளியிலிருந்து பார்த்தால் கொடைக்கானல் 1,850 மீட்டர் மேலே. கணக்குப் போட்டால் 177 கிலோமீட்டர் வருகிறது. நாமக்கல் உள்ளே பத்திரமாக இருக்கிறது. சேலம் சரியாக விளிம்பில் நிற்கிறது. கேட்பவர் பத்து மீட்டர் உயரத்தில் ஓர் ஆண்டெனாவை நிறுத்தினால் இன்னும் 13 கிலோமீட்டர் சேரும். விளிம்பில் இருக்கும் ஊருக்கு அந்தப் பதின்மூன்றுதான் கேட்பதற்கும் கேட்காததற்கும் நடுவே இருப்பது.

இப்போது இந்தச் சமவெளியில் வீட்டுக்கு நல்ல வெளிப்புற ஆண்டெனா வாங்குவோர் அநேகமாக இல்லை. கேபிள் வந்தது, டிஷ் வந்தது, செல்போன் வந்தது, ஆண்டெனா போயிற்று என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவது வழக்கம். அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. தரமான ஆண்டெனாவின் சந்தை கேபிளுக்கு முன்பே உள்ளிருந்து இளைக்கத் தொடங்கிவிட்டது. அது போனதால் இழப்பு கடைக்காரரோடு நிற்கவும் இல்லை. மலையுச்சியில் அரசு நிறுத்திய டிரான்ஸ்மிட்டரின் எல்லையே சுருங்கியது. இதைப் பற்றி யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கூரைமேல் முதலில் ஏறியது வால்வு ரேடியோவின் ஏரியல். ஒரு விரற்கடை அகலத்தில் நெய்த செம்புக் கம்பி வலையை இரண்டு மூங்கில்களுக்கு நடுவே இழுத்துக் கட்டி, இரு முனையிலும் பீங்கான் குமிழ் வைத்து, அதிலிருந்து ஒரு கம்பியை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் கொண்டுவருவார்கள். எர்த்துக்கு ஒரு குழாயை ஈர மண்ணில் அடித்து இறக்குவார்கள். ரேடியோவுக்கு அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டிய காலம் அது. அந்த வழக்கம் 1980களின் நடுவில்தான் ஒழிந்தது. திருச்சி நிலையம் 1939 மே மாதத்தில் தொடங்கியது. நாமக்கல்லிலிருந்து நேர்க்கோட்டில் அது 75 கிலோமீட்டர்தான். மத்திய அலை தரையை ஒட்டிப் படர்ந்து வருவதால் மலைகள் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. திருச்சியின் வேளாண் நிகழ்ச்சிகள் எவ்வளவு தூரம் ஊன்றின என்பதற்குத் தஞ்சை சாட்சி: 1960களில் ஏடிடி 27 என்ற நெல் ரகத்தை அங்கிருந்த விவசாயிகள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். மோகனூர், பரமத்திவேலூர் காவிரிக் கரைக்கும் ஒலித்தது அதே நிலையம்தான்.

செம்பு வலைக்கு உண்மையான வேலை கொடுத்தது இலங்கை வானொலி. கொழும்பிலிருந்து சிற்றலையில் வந்த தமிழ்ப் பாடல்களுக்காகவே ஏரியல் கட்டிய வீடுகள் தமிழகமெங்கும் உண்டு. சிற்றலை வானத்தில் பட்டுத் திரும்பி வருவது; ஏறும், இறங்கும், மங்கும். நீளமான ஏரியல் இருந்தால் அந்த ஏற்ற இறக்கத்தைக் கொஞ்சம் தாங்கலாம்.

அப்புறம் டிரான்சிஸ்டர் வந்தது. அதன் உள்ளே விரல் நீளத்தில் ஒரு கரிய ஃபெரைட் தண்டு, அதைச் சுற்றிச் செம்புக் கம்பி. மத்திய அலைக்கு அது போதும். அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த தவறு இங்கேதான் வேர் விடுகிறது. மத்திய அலையில் இடி மின்னலாலும் வளிமண்டலத்தாலும் எழும் இரைச்சல் எப்போதும் பலமாக இருக்கும். சிறிய ஆண்டெனா நிகழ்ச்சியையும் இரைச்சலையும் சேர்த்தே குறைத்து வாங்குகிறது. இரண்டின் விகிதம் மாறுவதில்லை. உள்ளே பெருக்கிக்கொண்டால் எல்லாம் சரி. எனவே கூரையிலிருந்த வலை இறங்கியது நியாயம்தான். ஆனால் அலை எண் 30 மெகாஹெர்ட்சைத் தாண்டி மேலே போகப்போக வானத்து இரைச்சல் அடங்கிவிடுகிறது. கருவிக்குள் பிறக்கும் இரைச்சல் முன்னே வருகிறது. அங்கே ஆண்டெனா பிடிக்காத அலையைக் கருவி பின்னால் உண்டாக்கித் தர முடியாது. ‘கருவி நன்றாக இருந்தால் ஏரியல் எதற்கு’ என்ற எண்ணம் மத்திய அலையில் சரி, பண்பலையிலும் தொலைக்காட்சியிலும் தவறு. மக்கள் மனத்தில் அது ஒன்றாகவே பதிந்துபோயிற்று.

இரண்டாம் முறை கூரை ஏறியது யாகி. ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஷிண்டாரோ உடா, ஹிடெட்சுகு யாகி இருவரும் 1926-இல் வெளியிட்ட வடிவம் அது. ஒரே ஒரு குச்சிதான் ஒயரோடு இணைந்திருக்கும். அதற்குப் பின்னால் சற்று நீளமான குச்சி அலையைத் திருப்பி அனுப்பும், முன்னால் சற்றுக் குட்டையான குச்சிகள் அலையை வழிநடத்தும். நடுக்குச்சிக்கு மட்டும் ஒயர் கொடுத்துவிட்டு மற்றவற்றைச் சும்மா நிறுத்தியே ஒரு திசைக்கு நான்கு மடங்கு வலிமை கூட்டலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் கண்டுபிடிப்பு.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியபோது இந்தப் பக்கத்துக்கு அதனால் பயன் இல்லை. 1984-இல் நாடெங்கும் குறைந்த சக்தி டிரான்ஸ்மிட்டர்கள் ஏறத்தாழ நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் முளைத்தன. அவற்றின் வீச்சு சுமார் 25 கிலோமீட்டர். அதற்கு அப்பால் இருந்த ஊர்களுக்குக் கொடைக்கானல் மலைமேல் உயர்சக்தி டிரான்ஸ்மிட்டர் வந்த பிறகுதான் வழி பிறந்தது. நாமக்கல், திருச்செங்கோடு, பரமத்திவேலூர் பக்கத்து மாடிகளில் இருபதடி, முப்பதடி ஜிஐ பைப்பும் அதன் உச்சியில் தென்மேற்கு பார்த்த யாகியும் நின்றது அதன் பிறகு. தெற்கே கடலோர மாவட்டங்கள் 1982-இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினியைப் பிடிக்க வேறு திசைக்குத் திருப்பிக்கொண்டிருந்தன.

இந்த ஊர்களில் மட்டும் கூடுதலாக ஒரு சிக்கல் இருந்தது. கிழக்கே கொல்லிமலை, ராசிபுரத்துக்கு மேலே போதமலை, வடக்கே சேர்வராயன், மேற்கே கஞ்சமலை. அலை நேராகவும் வரும், மலையில் மோதித் திரும்பியும் வரும். திரும்பி வருவது நீண்ட வழியில் வருவதால் கொஞ்சம் தாமதம். மூன்று கிலோமீட்டர் கூடுதல் வழி என்றால் தாமதம் ஒரு விநாடியின் லட்சத்தில் ஒரு பங்கு. தொலைக்காட்சி ஒரு வரியை வரைய எடுத்துக்கொள்ளும் நேரம் அதில் ஐந்து மடங்குதான். ஆகவே நாற்பது சென்டிமீட்டர் அகலத் திரையில், செய்தி வாசிப்பவரின் வலப்பக்கம் ஏழு, எட்டு சென்டிமீட்டர் தள்ளி அவருடைய நிழலும் உட்கார்ந்து செய்தி வாசிக்கும்.

மாடிமேல் ஏறி ஆண்டெனாவைத் திருப்பியவர்கள் கொடைக்கானலைத் தேடினார்கள் என்றே எல்லோரும் நினைக்கிறோம். யாகியின் முன்பக்கப் பார்வை அகலமானது; பத்துப் பதினைந்து டிகிரி விலகினாலும் வலிமை பெரிதாகக் குறையாது. அப்படியிருக்க விரற்கடை விரற்கடையாகத் திருப்பியது எதற்கு? ஆண்டெனாவின் பக்கவாட்டில் எதுவுமே கேட்காத குறுகிய செவிட்டுத் திசைகள் இருக்கின்றன. மலையிலிருந்து திரும்பி வரும் அலை அந்தச் செவிட்டுத் திசையில் விழும்படி வைத்தால் நிழல் மறையும். கொடைக்கானலைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துக் கொல்லிமலையைத் துரத்தும் வேலை அது. எந்தக் கருவியும் இல்லாமல், கீழிருந்து வரும் குரலை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்த ரேடியோ மெக்கானிக்குகளுக்கு எந்தத் தெருவில் எந்த மலை தொல்லை தரும் என்பது அத்துபடி. அந்த அறிவு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

செவிட்டுத் திசை கூர்மையாக அமைய ஆண்டெனா ஒழுங்காகச் செய்யப்பட்டிருக்க வேண்டும். குச்சிகளின் நீளமும் இடைவெளியும் சரியாக இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒயரும் ஆண்டெனாவும் சேரும் இடத்தில் அலை திரும்பாதபடி பொருத்தம் இருக்க வேண்டும். ராசிபுரத்துக்கு அருகே ஒரு ஓட்டு வீட்டிலிருந்து இறக்கிப்போட்ட ஆண்டெனா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நடுத்தண்டு சதுரக் குழாய். குச்சிகள் அதில் துளையிட்டுச் செருகி ரிவெட் அடிக்கப்பட்டவை. இரண்டு ரிவெட் ஆடியது. ஒயர் இணையும் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி வெயிலில் வெடித்திருந்தது. உள்ளே இரண்டு இறக்கை நட்டு, இரண்டும் இரும்பு. அலுமினியத்தோடு இரும்பு சேர்ந்து மழை பட்டால் அந்த இடம்தான் முதலில் அரிக்கும். இங்கேயும் வெள்ளைப் பொடி பூத்து, நட்டு கையால் அசையவில்லை. தட்டையான இரட்டை ஒயரில் செம்பு பச்சையாகக் களிம்பேறியிருந்தது. குழாயை விரலால் அழுத்தினால் நெளிகிறது. காக்கை உட்கார்ந்தாலே வளைந்திருக்கும்.

இதில் குறைந்தது எல்லாமே சில ரூபாய்ச் சமாச்சாரம்: கொஞ்சம் தடிமனான குழாய், எவர்சில்வர் நட்டு, ஒரு மூடி, வட்டக் கேபிள். ஆனால் வாங்குபவருக்குக் கடையில் வித்தியாசம் தெரியாது. புதிதாக இருக்கும்போது நல்லதும் மட்டமானதும் ஒன்றுபோல் மின்னும். வேறுபாடு இரண்டாவது ஐப்பசி மழைக்குப் பிறகுதான் தெரியும். அதற்குள் விலை குறைவானதை விற்றவர் கடையைப் பிடித்துவிடுவார். அனலாக் ஒளிபரப்பின் தயாள குணமும் இதற்குத் துணை போயிற்று. அலை பாதியாகக் குறைந்தாலும் படம் போய்விடாது. புள்ளி விழும், அவ்வளவுதான். புள்ளிக்கு மக்கள் பழகிக்கொண்டார்கள்.

புள்ளியைப் போக்க விற்கப்பட்ட மருந்து பூஸ்டர். உலோகத்துக்குப் பதில் மின்சாரம். பூஸ்டரை ஆண்டெனாவின் காலடியிலேயே, உச்சியில் வைத்தால் பயன் உண்டு. ஒயரில் இழப்பு ஏற்படுவதற்கு முன்பே பெருக்கிவிடலாம். பெரும்பாலான வீடுகளில் அது டிவிக்குப் பக்கத்தில் அலமாரியில் உட்கார்ந்திருந்தது. ஒயர் தின்றது போக மிச்சம் வந்ததையும், கூடவே வந்த இரைச்சலையும் அது சமமாகப் பெருக்கியது. தரமான ஆண்டெனாவின் சந்தையை முதலில் தளர்த்தியது இந்தச் சின்னப் பெட்டி என்பது என் முடிவு. மட்டமான ஆண்டெனாவும் ஒரு பூஸ்டரும் போதும் என்ற நம்பிக்கை ஊன்றிய பின் நல்ல ஆண்டெனா செய்பவருக்கு அதை நல்லதாகச் செய்யக் காரணம் இல்லாமல் போயிற்று.

இடையே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அலைகளை மறித்த அதே சேர்வராயன், கொல்லி மலைகளிலிருந்துதான் பாக்சைட் வெட்டப்பட்டு, மேட்டூரில் 1965-இலிருந்து மால்கோ ஆலையில் அலுமினியமாக உருகியது. மூலப்பொருள், உருக்காலை, பட்டறைத் தொழில், கை நுணுக்கம் எல்லாம் ஐம்பது மைல் வட்டத்துக்குள் இருந்தும் ஆண்டெனாவுக்குப் பெயர்பெற்ற ஒரு தொழில் இங்கே நிலைபெறவில்லை. லாரிக்கு பாடி கட்டுவதில் நாமக்கல்லும், ஆழ்துளைக் கிணறு ரிக் வண்டிகளில் திருச்செங்கோடும் பெற்ற பெயரை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மிச்சக் கதை தெரிந்ததே. 1993 ஏப்ரலில் சன் டிவி. தொடர்ந்து தெருத் தெருவாகக் கேபிள். 2006-இல் இலவச வண்ணத் தொலைக்காட்சி. 2011-இல் புத்துயிர் பெற்ற அரசு கேபிள். தூர்தர்ஷனின் அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டதாகவும், எல்லையோரம் போன்ற முக்கிய இடங்களில் இருக்கும் சிலவற்றைத் தவிர மற்றவற்றை 2022 மார்ச்சுக்குள் மூடப்போவதாகவும் பிரசார் பாரதி 2021 அக்டோபரில் அறிவித்தது. டிஷ்ஷும் வெளிப்புற ஆண்டெனாதானே என்று ஒருவர் கேட்கலாம். ஆமாம், அதுவும் தரமான ஆண்டெனா. டிஜிட்டலில் புள்ளி விழுவது கிடையாது; வந்தால் முழுப் படம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. வளைவு சரியில்லாத டிஷ் முதல் நாளே பல்லைக் காட்டிவிடும். அதனால்தான் மட்டமானது அங்கே நிலைக்கவில்லை. ஆனால் அது விண்வெளியின் ஒரு புள்ளியை மட்டும் பார்க்கும். கொடைக்கானல் அதற்குத் தெரியாது.

வானொலி இன்னும் கொடைக்கானலிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. 100.5-இல் கொடை பண்பலை, வடக்கே தருமபுரி 102.5, திருச்சி 102.1, சேலத்திலேயே தனியார் நிலையங்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிப் பட்டறைகளில் தறிச் சத்தத்துக்கு மேலே பாட்டுக் கேட்க வேண்டும். ரேடியோவின் குச்சியில் ஒரு கிளிப்பை மாட்டி, ஒயரை ஓட்டுக்கு மேலே இழுத்துவிட்டிருப்பார்கள். தேவை இருக்கிறது என்பதற்கு அந்த ஒயரே அத்தாட்சி. செல்போனில் பண்பலை கேட்க இயர்போன் ஒயர்தான் ஆண்டெனா. இப்போது ஒயர் இல்லாத இயர்போன், ரேடியோ இல்லாத போன். பண்பலை வசதியை முடக்காமல் விற்கும்படி 2023-இல் மத்திய அரசு போன் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டி வந்தது.

இனி முக்கியமான கணக்கு. பண்பலை நிலையங்களுக்கான அலை வலிமையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்தில் அளக்கச் சொல்கிறது. கிராமப்புறத்தில் ஸ்டீரியோவுக்கு 54 டெசிபல், மோனோவுக்கு 48. இத்தனை சதுர கிலோமீட்டருக்கு எட்டுகிறது என்று வரைபடத்தில் வட்டம் போடும்போது அந்த வட்டத்துக்குள் இருக்கும் வீட்டுக் கூரைமேல் ஆண்டெனா இருப்பதாகவே பொருள். கூரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு இறங்கினால் சுமார் 10 டெசிபல் போகும். கான்கிரீட் சுவருக்குள் நுழைந்தால் இன்னும் ஏறத்தாழ அவ்வளவே போகும். இருபது டெசிபல் என்றால் நூறில் ஒரு பங்கு. கொடைக்கானலின் 10 கிலோவாட், வீட்டுக்குள் மேசைமேல் ரேடியோ வைத்துக் கேட்பவருக்கு 100 வாட் நிலையத்தின் பலனைத்தான் தருகிறது. இந்தியாவில் சமுதாய வானொலிக்கு வழக்கமாக அனுமதிக்கப்படும் உச்ச வலிமை அதே 100 வாட். கோடிக்கணக்கில் செலவழித்து மலைமேல் நிறுத்திய நிலையம், கூரைமேல் ஒரு குழாய் இல்லாததால் கல்லூரி வளாக வானொலி அளவுக்கு இறங்கிவிடுகிறது. சேந்தமங்கலம், பேளுக்குறிச்சி போல மலையடிவாரத்தில் இருக்கும் ஊர்களுக்கு அதுவும் நிச்சயமில்லை.

மத்திய அலையிலும் நிலைமை தலைகீழாகிவிட்டது. டிரான்சிஸ்டர் காலத்தில் வீட்டுக்குள் அமைதி இருந்தது. இப்போது எல்இடி பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர், சோலார் பெட்டி ஒவ்வொன்றும் அரைகுறை வடிகட்டலோடு இரைச்சலை உமிழ்கிறது. திருச்சியின் 936 கிலோஹெர்ட்ஸ் மின்சாரம் போனதும் தெளிவாகக் கேட்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். வீட்டிலிருந்து தள்ளி ஒரு வெளிப்புற ஏரியல் போட வேண்டிய காரணம் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு திரும்ப வந்திருக்கிறது, விற்பவர்தான் இல்லை.

உலகம் முழுவதும் இதே கதிதான். அமெரிக்காவில் 1972-இல் தொடங்கிய எம்எஃப்ஜே நிறுவனம், தான் வாங்கியிருந்த ஹைகெயின், குஷ்கிராஃப்ட் போன்ற ஆண்டெனாப் பெயர்களோடு சேர்த்து, 2024 மே மாதத்தில் தன் ஆலையில் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. பொழுதுபோக்காக வானொலியில் ஒருவரோடொருவர் பேசும் ஹாம் ரேடியோக்காரர்கள் உலகெங்கும் நம்பி வாங்கிய பெயர்கள் அவை. பிபிசி தமிழோசை 1941-இல் தொடங்கிய சிற்றலை ஒலிபரப்பை 2017 ஏப்ரல் 30-இல் முடித்துக்கொண்டது. ஒலிபரப்பும் ஆண்டெனாவும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே இளைக்கின்றன. கேட்பவர் குறைகிறார்கள் என்று நிலையம் மூடுகிறது. நிலையம் இல்லை என்று ஆண்டெனா போகிறது. ஆண்டெனா இல்லாததால் மிச்ச நிலையமும் எட்டுவதில்லை. எல்லாக் கம்பியும் அறுந்துபோகும் நாளில் இதன் விலை தெரியும். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஹாம் குழு ஒன்று பொழுதுபோக்கு வானொலித் தொடர்புக்காகப் போர்ட் பிளேரில் ஆண்டெனா கட்டியிருந்தது. சுனாமி அடித்த பிறகு அந்தமானின் செய்தி வெளியே வர அந்த ஆண்டெனா பெரும் துணையாக இருந்தது.

கடைக்கு நல்ல ஆண்டெனா திரும்பி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பண்பலைக்குத் தேவையானதை இந்தச் சமவெளியிலேயே எவரும் செய்துகொள்ளலாம். 100.5 மெகாஹெர்ட்சின் அலைநீளம் ஏறத்தாழ மூன்று மீட்டர். அதில் பாதி நீளத்தில் ஐந்து விழுக்காடு குறைத்தால் 142 சென்டிமீட்டர். 71 சென்டிமீட்டரில் இரண்டு அலுமினியக் குழாய்களை நடுவே சிறு இடைவெளி விட்டு ஒரு பிவிசி குழாயில் பொருத்தினால் டைபோல் ஆயிற்று. அதற்குச் சரியாகப் பொருந்துவது 75 ஓம் கேபிள். டிஷ் போட்ட வீடுகளிலெல்லாம் அந்தக் கேபிள் மிச்சம் கிடக்கிறது. பின்னால் 150 சென்டிமீட்டரில் ஒரு குச்சி சேர்த்தால் யாகியின் தொடக்கம். படுக்கையாகவும் நட்டுக்குத்தாகவும் வைத்துப் பார்த்து எது தெளிவோ அப்படி விட வேண்டியதுதான். வானொலி நிலையங்கள் தங்கள் அலை எண்ணோடு கூடவே இந்த இரண்டு மூன்று அளவுகளையும் சொல்லலாம். ஐடிஐ மாணவர்கள் ஒரு பிற்பகலில் செய்துவிடுவார்கள்.

ஒரே இடைஞ்சல், இப்போது விற்கும் சிறிய ரேடியோக்களில் ஆண்டெனா சொருகத் துளை இல்லை. துளை இருப்பது வண்டிகளின் ஸ்டீரியோவில்தான். ஓடும் வண்டியில் மங்கும் அலையைப் பிடிக்கவென்றே செய்யப்பட்டதால் அதன் ரேடியோப் பகுதி மேசை ரேடியோவைவிட நுட்பமானது, பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும், பழையது மலிவு. லாரி கேபினைப் பிரித்துப் புதுப்பிக்கும் நாமக்கல் பட்டறைகளில் கழற்றி வைத்த ஸ்டீரியோக்களுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒன்றையும் கூரைமேல் 142 சென்டிமீட்டர் டைபோலையும் சேர்த்தால் கொல்லிமலை அடிவாரத்திலும் கொடைக்கானலை இரைச்சலில்லாமல் கேட்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.